உங்களுக்குத் தெரியுமா? பெரிய நெகட்டிவும் ஒன்றரைக் கோடி ரூபாக் கமராவும்

ஒரு கமராவின் விலை ஒன்றரைக் கோடி ரூபாவைத் தாண்டும். டென்மார்க்கின் பேஸ் வன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட 150 மெகாபிக்சல் ஐ.கியூ.4 கமராவுக்கு வைத்த விலை ஏறத்தாழ 52,000 அமெரிக்க டொலர். டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டால் 1 கோடியே 56 இலட்சம். சுங்க வரியும் வற் வரியும் அதற்கு மேல். கடைகளில் வாங்கக் கிடைக்கும் டிஜிட்டல் கமராக்களில் இந்த மீடியம் ஃபோர்மட் வகைதான் உச்சம்.

*

மீடியம் ஃபோர்மட் என்பது சென்சரின் அளவைப் பொறுத்தது. நமது கலியாணப் படப்பிடிப்பாளர்கள் தோளில் மாட்டித் திரியும் 'ஃபுல் ஃபிரேம்' கமராவின் சென்சர் 36×24 மில்லிமீற்றர். பூஜிபிலிம், ஹசல்பிளாட் நிறுவனங்களின் இன்றைய மீடியம் ஃபோர்மட் சென்சர் ஏறத்தாழ 44×33 மில்லிமீற்றர். பரப்பில் ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. பேஸ் வன் சென்சர் 53.4×40 மில்லிமீற்றர். இது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. பரப்புக் கூடும்போது சேரும் வெளிச்சமும் கூடும். கறுப்புக் கோட்டின் மடிப்பும் வெள்ளைச் சேலையின் சரிகையும் ஒரே படத்தில் விவரம் கெடாமல் நிற்பது அதனால்தான்.

*

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தெமட்டகொடையிலும் 1960களில், 70களில் உங்கள் அப்பா அம்மாவை, தாத்தா பாட்டியை நிற்க வைத்துப் படம் எடுத்த ஸ்ரூடியோக்காரர்கள் பலர் கையில் வைத்திருந்தது இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கமரா. வசதி உள்ளவர் ரோலிபிளெக்ஸ் வைத்திருந்தார். மற்றவருக்கு ஜப்பானின் யஷிக்கா. அதில் போடும் 120 பிலிம் சுருளில் பன்னிரண்டு படம். ஒவ்வொரு நெகட்டிவும் 56×56 மில்லிமீற்றர் சதுரம்.

அந்தச் சதுரத்தின் பரப்பு, இன்று இருபது இலட்சம் ரூபாவுக்கு விற்கும் மீடியம் ஃபோர்மட் சென்சரின் பரப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒன்றரைக் கோடி ரூபாக் கமராவின் சென்சரையும் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விஞ்சுகிறது. பிலிமும் சென்சரும் வெளிச்சத்தைப் பதியும் முறை வேறு. பரப்பை மட்டும் வைத்துத் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் ஒரு காலத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன சாதாரணக் கொழும்புக் குடும்பத்துக்குக்கூட இந்த அளவு கிடைத்தது என்பது பெரிய விஷயம். அடுத்து வரும் துணுக்குகளை வாசிக்கும்போது இதை மனதில் வைத்திருங்கள்.

*

120 பிலிமுக்கு வயது நூற்றிருபதுக்கு மேல். 1901இல் கொடாக் நிறுவனம் தனது பிரவுணி கமராவுக்காகக் கொண்டுவந்த அதே சுருள் இன்றும் உற்பத்தியாகிறது. பழைய யஷிக்காவில் இன்றும் பொருந்துகிறது. கமரா உலகில் இவ்வளவு காலம் நிலைத்த அளவுகள் மிகச் சில.

*

தமிழ்நாட்டில் பிலிம் செய்தார்கள். ஊட்டியில் 1960இல் இந்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளைப் பிலிமைப் பழைய படப்பிடிப்பாளர்கள் இன்னும் மறக்கவில்லை. தூசியும் வெப்பமும் குறைந்த மலைப் பிரதேசம் பிலிம் பூச்சு வேலைக்கு ஏற்றது.

*

இலங்கையில் பெரிய அளவுப் படம் எடுத்த புகழ்பெற்ற பெண்மணி ஒருவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கமெரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. 15×12 அங்குலக் கண்ணாடித் தட்டுகளில் அவர் படம் எடுத்தார். நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஒரு சாளரக் கண்ணாடி அளவு. களுத்துறையில் அவர் படம் எடுத்தவர்களில் ஓவியர் மரியன் நோர்த்தும் ஒருவர்.

*

நிலாவில் ஹசல்பிளாட் கமராக்கள் கிடக்கின்றன. 1962இல் வால்ட்டர் ஷிரா என்ற விண்வெளி வீரர் ஹியூஸ்டன் கடையொன்றில் வாங்கிய ஹசல்பிளாட் 500சி கமராவைத்தான் விண்ணுக்குக் கொண்டுபோனார். 1968 டிசம்பர் 24 அன்று நிலாவின் விளிம்புக்கு மேலே பூமி எழும் படத்தை வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்ததும், 1969இல் அப்பலோ 11 வீரர்கள் நிலாத் தரையில் படம் எடுத்ததும் ஹசல்பிளாட்டில். திரும்பும்போது பாறை மாதிரிகளுக்கு எடை மிச்சம் பிடிக்க, பிலிம் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு கமராவை அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்தச் சுவீடன் நிறுவனத்தின் பெயருக்கு இன்றும் கிடைக்கும் மதிப்பில் ஒரு பகுதி அந்த நாட்களில் சம்பாதித்தது.

*

முதல் மீடியம் ஃபோர்மட் டிஜிட்டல் பேக் 1990களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனத்திடமிருந்து வந்தது. கமராவின் முதுகில் பிலிம் பெட்டிக்குப் பதிலாக மாட்டும் சென்சர் பெட்டி அது. 4 மெகாபிக்சல்தான். நிறம் வேண்டுமென்றால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை மாற்றி மூன்று முறை எடுக்க வேண்டும். அசையாத பொருளுக்கு மட்டுமே பயன்படும். உயிருள்ள முகத்தை எடுக்க உலகம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தது.

*

விலை ஏன் இப்படி எகிறுகிறது? சிலிக்கன் வட்டத்தில் இருக்கிறது விடை. 300 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள வட்டத்தில் கைத்தொலைபேசிக்கான சிறு சென்சர்களை நூற்றுக்கணக்கில் வெட்டலாம். 44×33 அளவில் வெட்டினால் நாற்பதைத் தாண்டாது. வட்டத்தில் எங்கேனும் ஒரு குறை விழுந்தால், சிறு சென்சரில் நூற்றுக்கணக்கில் ஒன்று வீண். பெரிய சென்சரில் நாற்பதில் ஒன்று வீண். அதோடு, சிப் அச்சிடும் இயந்திரம் ஒரே தடவையில் பதியக்கூடிய பரப்பு 26×33 மில்லிமீற்றர் மட்டுமே. அதைவிடப் பெரியதைத் துண்டு துண்டாகப் பதிந்து, இணைப்புத் தெரியாமல் பொருத்த வேண்டும். மிகச் சிலர் மட்டும் வாங்கும் பொருளுக்கு இந்தச் செலவைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் தலையிலும் கனமாகத்தான் விழும்.

*

இந்தச் சந்தையைப் புரட்டிப் போட்ட ஆண்டு 2014. அதுவரை சி.சி.டி. சென்சர்கள் ஆண்டன. ஸ்ரூடியோ பிளாஷ் வெளிச்சத்தில் அருமையாக வேலை செய்யும் அவை, மாலை மங்கினால் கைவிடும். அந்த ஆண்டு சோனி தயாரித்த 50 மெகாபிக்சல் சீமொஸ் சென்சர் வந்தது. பேஸ் வன், ஹசல்பிளாட், பென்டக்ஸ் மூன்றும் அதையே எடுத்துக்கொண்டன. பேஸ் வன் ஐ.கியூ.250 ஏறத்தாழ 35,000 டொலர். பென்டக்ஸ் 645இசட் 8,500 டொலர். உள்ளே இருக்கும் சென்சர் ஒன்று, விலை நான்கில் ஒரு பங்கு! பெயருக்கும் சேவைக்கும் எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு என்று வாங்குபவர்கள் அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கமரா பழுதானால் மறுநாளே மாற்றுக் கமரா அனுப்பும் சேவைக்கும் ஒரு விலை உண்டு. விளம்பரப் படம் எடுப்பவருக்கு ஒரு நாள் வேலை நின்றால் நட்டம் அதைவிடப் பெரியது.

*

இன்று எதிரெதிராக விற்கும் ஹசல்பிளாட்டும் பூஜிபிலிமும் முன்பு கூட்டாளிகள். 2002இல் வந்த ஹசல்பிளாட் எச்1 கமராவைப் பூஜியுடன் சேர்ந்தே உருவாக்கினார்கள். லென்ஸ்களைச் செய்ததும் பூஜி. 2016இல் ஹசல்பிளாட் எக்ஸ்1டி என்ற கண்ணாடியில்லாத மீடியம் ஃபோர்மட் கமராவை 9,000 டொலருக்கு அறிவித்தது. சில மாதங்களில் பூஜி தன் ஜி.எஃப்.எக்ஸ். வரிசையை அறிவித்து, 2017 தொடக்கத்தில் 6,500 டொலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சமயத்தில் சீனாவின் ட்ரோன் நிறுவனமான டி.ஜே.ஐ. ஹசல்பிளாட்டின் பெரும்பங்கை வாங்கிவிட்டது. நிலாவுக்குப் போன சுவீடன் கமராவின் உரிமை இன்று சென்சென் நகரத்தின் கையில்.

*

பூஜியின் விலைப்பட்டியலை ஆண்டுவாரியாகப் பாருங்கள். 100 மெகாபிக்சல் கமரா 2019இல் 10,000 டொலர். 2021இல் அதே சென்சர் அளவு, அதே மெகாபிக்சல், 6,000 டொலர். 2024இல் 5,000. ஐந்து ஆண்டில் பாதி.

*

அந்த விலைச்சரிவின் பயன் கொழும்புக்கு வந்து சேர்ந்ததா? இல்லை. பூஜி ஜி.எஃப்.எக்ஸ். 50எஸ் II கமராவை 2021 செப்டெம்பரில் 4,000 டொலருக்கு அறிவித்தபோது, டொலர் 200 ரூபா. ஆகவே 8 இலட்சம் ரூபா. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவைத் தளரவிட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபா. அதே கமரா 14 இலட்சத்து 40 ஆயிரம். கமராவில் ஒரு திருகாணிகூட மாறவில்லை; எட்டே மாதத்தில் ஆறு இலட்சத்துக்கு மேல் ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரியும் 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அந்த ஆண்டுகளில் ஸ்ரூடியோ தொழிலில் நின்று பிடித்தவர்களுக்கு நாம் மரியாதை செலுத்த வேண்டும். புதுக் கமராவை அவர்கள் கனவிலும் காணவில்லை. பழைய கமராவின் ஷட்டரை மாற்றி மாற்றிப் பிழைத்தார்கள்.

*

தெமட்டகொடைப் புகையிரத நிலையத்தில் நின்று, மருதானையிலிருந்து களனிப் பக்கம் விரையும் ரெயிலை மீடியம் ஃபோர்மட் கமராவின் மின்னணு ஷட்டரில் எடுத்தால் பெட்டிகள் சாய்ந்து விழும். பெரிய சென்சர் படத்தை வரிவரியாக வாசிக்கிறது; கடைசி வரிக்கு வருவதற்குள் ரெயில் நகர்ந்துவிடும். இயந்திர ஷட்டரில் எடுத்தால் சாயாது. அருகிலுள்ள என்ஜின் கொட்டகையில் நிற்கும் பழைய நீராவி என்ஜின் என்றால் கவலையே இல்லை. இரும்பின் துரு, எண்ணெய்ப் பிசுக்கு, ஆணித் தலைகள் எல்லாம் விவரமாக விழும். நின்று நிதானித்து எடுப்பதற்கான கமரா இது. மாலை மாற்றும் நெரிசலுக்குள் ஓடி ஓடி எடுப்பதற்கு ஃபுல் ஃபிரேமே மேல்.

*

காலி முகத்திடலில் நடுப்பகல் வெயிலில் மணமக்களை நிறுத்திப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு தகவல். ஹசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் 1/2000 செக்கனிலும் பிளாஷ் ஒத்துழைக்கும். பூஜி ஜி.எஃப்.எக்ஸ். கமராவில் அது சாதாரணமாக 1/125 செக்கன். வானம் நீலமாகவே இருக்க, முகத்தில் பிளாஷ் வெளிச்சம் விழ வேண்டுமென்றால் இந்த வித்தியாசம் பெரியது.

*

100 மெகாபிக்சல் படம் ஒன்றைச் சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 200 மெகாபைட். ஒரு கலியாணத்துக்கு 3,000 படம் என்றால் 600 கிகாபைட். இரண்டு பிரதி வைத்தால் இரட்டிப்பு. கமரா வாங்கக் கடன் எடுப்பவர்கள் கணினியையும் வன்தட்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

*

அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து ஒட்டி, 2022இல் 717 கிகாபிக்சல் படமாக வெளியிட்டது. எடுத்த கமரா 100 மெகாபிக்சல் ஹசல்பிளாட். ஓவியத்தின் நிறப்பொடித் துகளைக்கூட அதில் பார்க்கலாம். இந்தக் கமராக்கள் தம் விலைக்கு நேர்மையாகச் சம்பாதிக்கும் இடம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்: ஓவியம், ஏடு, வரைபடம், பழைய படம். அழிந்தால் திரும்பக் கிடைக்காதவை.

*

ஹசல்பிளாட் பெயரில் ஒரு பரிசும் உண்டு. ஒளிப்படத்துறையின் ஆகப் பெரிய பரிசுகளில் ஒன்றான அதை 2022இல் பெற்றவர் டெல்லியின் தயாநிதா சிங். பரிசுத் தொகை 20 இலட்சம் சுவீடன் குரோனர். அவர் பெயர் பெற்றது கறுப்பு வெள்ளைச் சதுரப் படங்களால்.

*

2011இல் 40,000 டொலருக்கு மேல் விற்ற 80 மெகாபிக்சல் டிஜிட்டல் பேக்குகள் இன்று பழைய பொருள் சந்தையில் அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. வாங்க ஆசைப்படுபவர்கள் மூன்றைக் கேட்டு அறியுங்கள்: அதற்குப் பற்றரி இன்னும் கிடைக்கிறதா, உங்கள் கணினி அதன் வயரை ஏற்குமா, பழுதானால் திருத்துபவர் யார்? கொண்டக்ஸ் கமராவைத் தயாரித்த கியோசெரா 2005இல் கமராத் தொழிலையே விட்டபோது கொண்டக்ஸ் 645 வைத்திருந்தவர்கள் உதிரிப்பாகம் தேடி அலைந்தார்கள். நம் ஊர் ஈரப்பதம் நான்காவது கேள்வி. உலர்பெட்டி இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படரும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கட்டும்.

*

யாருக்கு இந்தக் கமரா வேண்டும்? கைத்தொலைபேசித் திரையில் பார்க்கும் அல்பத்துக்கு வேண்டாம். முகநூலில் போடும் படத்துக்கு வேண்டவே வேண்டாம். 100 மெகாபிக்சல் படத்தை அச்சிட்டால், ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் 38×29 அங்குலம் வரும். அந்த அளவுக்கு அச்சிடுபவர், ஹோட்டல், தேயிலை, இரத்தினக்கல் விளம்பரம் செய்பவர், ஆவணக் காப்பகம் நடத்துபவர் ஆகியோருக்குத் தகும். சொந்தமாக வாங்காமல் ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுப்பது கொழும்பில் இன்னும் புத்திசாலித்தனம்.

*

பெரிய நெகட்டிவ் விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நம்மைப் பொறுத்தவரை மிகப் பெறுமதியான மீடியம் ஃபோர்மட் படங்கள் எடுத்து முடிந்துவிட்டன. 1983 ஜூலை இனக்கலவரத்தில் பொரளையில் தொடங்கிய தீ தெமட்டகொடைக்கும் வெள்ளவத்தைக்கும் பரவியபோது, எரிந்த வீடுகளோடு கலியாண அல்பங்களும் எரிந்தன. முகம் தெரியாத தாத்தா பாட்டியோடு வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடம் உண்டு. ஆனால் அச்சுப் படம் எரிந்தால் நெகட்டிவும் எரிந்தது என்று பொருளில்லை. அந்தக் கால வழக்கப்படி நெகட்டிவ் பெரும்பாலும் ஸ்ரூடியோவிலேயே தங்கியது. காகித உறையில் எண் எழுதி, தகரப் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள்.

அந்தப் பெட்டிகளுக்கு இப்போது ஆபத்து. பழைய பிலிமின் அசிற்றேற் தளம் வெக்கையிலும் ஈரத்திலும் சிதைகிறது. பெட்டியைத் திறந்ததும் வினாகிரி வாசனை அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள், அது பக்கத்துப் பிலிமுக்கும் பரவும். ஸ்ரூடியோக்காரர் காலமானதும் பிள்ளைகள் கடையை விற்று, பெட்டியைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

*

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்ரூடியோக்களில் கிடந்த கண்ணாடித் தட்டுகளையும் படங்களையும் தேடி மின்படமாக்கியது. இலங்கையில் 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்படமாக்குவதோடு, 'ஆவணகம்' என்ற பல்லூடகக் காப்பகத்தில் ஒளிப்படங்களையும் சேர்க்கிறது. கொழும்பு ஸ்ரூடியோ நெகட்டிவ்களுக்கு இதே கவனம் தேவை.

*

நெகட்டிவை மின்படமாக்க இருபது இலட்சம் ரூபாக் கமரா கட்டாயமா? இல்லை. 100 மெகாபிக்சல் கமராவால் அந்த 56×56 மில்லிமீற்றர் நெகட்டிவைப் பிரதியெடுத்தால் ஓர் அங்குலத்துக்கு 3,900 புள்ளிக்கு மேல் கிடைக்கும். பிலிமின் மணிகளே தெரியும். உங்கள் தெருவில் உள்ள படப்பிடிப்பாளரின் 24 மெகாபிக்சல் கமராவால் எடுத்தாலும் 13 அங்குலச் சதுரமாகத் தரமாக அச்சிடலாம். தேவை ஒரு மேக்ரோ லென்ஸ், சீராக ஒளிரும் வெள்ளை விளக்குப் பலகை, கமராவை நேர்கீழாகப் பிடிக்கும் தாங்கி. நெகட்டிவைத் துணியால் துடைக்காதீர்கள். ரப்பர் ஊதியால் தூசியை ஊதி விடுங்கள். விளிம்பை மட்டும் பிடியுங்கள். பி.வி.சி. பிளாஸ்ரிக் உறையில் போடாதீர்கள். அமிலமில்லாத காகித உறை போதும். உறையின் மேல் எழுதிய எண்ணையும் பெயரையும் தேதியையும் சேர்த்துப் படம் எடுங்கள், அந்த எழுத்து இல்லாவிட்டால் முகம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பழைய படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஸ்ரூடியோவின் முத்திரையும் நெகட்டிவ் எண்ணும் இருக்கக்கூடும். அந்தக் கடை இன்னும் இருக்கிறதா, இல்லையென்றால் அந்தக் குடும்பம் எங்கே என்று விசாரியுங்கள். பெட்டி கிடைத்தால் வெயிலிலும் ஈரத்திலும் வைக்காமல் பாதுகாத்து, மின்படமாக்குபவர்களிடம் சேருங்கள்.